டிராகன் கத்தியும் பன்னெண்டு முடியும்

(காசிமேடு மீன்பிடி துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், ரெண்டு நாற்காலி போட்ட சலூன். திங்கள்கிழமை மத்தியானம், கூட்டமில்லை. பெரிய கண்ணாடியின் மூலையில் பழைய ரேட் ஸ்டிக்கர் பாதி கிழிந்தபடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கன்னியப்பன் அதை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்க, ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் டில்லிபாபு வெல்வெட் பெட்டி ஒன்றோடு உள்ளே வருகிறான்.)

டில்லி: அண்ணா, வேலையா கீறியா?

கன்னியப்பன்: இந்த ஸ்டிக்கரு தான்டா வேலை. ரேட்ட ஏத்தி ரெண்டு மாசம் ஆவுது. வர்றவன் எல்லாம் இத்தக் காமிச்சி பழைய ரேட்டுக்கு நிக்கிறான். பிச்சா வர மாட்டேங்குது. இன்னாடா பொட்டி? பொண்ணு வூட்ல நக போட்டுட்டாங்களா?

டில்லி: நகையா? தொறந்து பாரு, மெர்சலாயிடுவ.

(திறக்கிறார். தகடு முழுக்க டிராகன். பிடியில் மண்டை ஓடு.)

கன்னியப்பன்: சவரக் கத்தியா இது! ஷேவ் பண்றதுக்கா, திருஷ்டி கழிக்கிறதுக்கா?

டில்லி: இனிமே வூட்ல நானே பண்ணிக்கப் போறேன். ஆன்லைன்ல ஆயிரத்து இருநூறு போட்டிருந்தான், ஆஃபர்ல நானூத்தி ஐம்பதுக்கு அடிச்சேன். டமாஸ்கஸ் ஸ்டீலு. தோ பாரு, வரி வரியா ஓடுது.

கன்னியப்பன்: வரி பக்கத்துல தான் ஓடுது. கத்தியத் திருப்பி முதுகப் பாரு. அங்க ஓடுதா?

டில்லி: ...இல்ல. மொட்டையா கீது.

கன்னியப்பன்: ரெண்டு இரும்ப அடிச்சி மடிச்சி செஞ்ச தகடா இருந்தா, அந்த வரி முதுகுல ஏறி அந்தப் பக்கம் எறங்கணும். இது மேலாக்க பொறிச்ச கோலம். சரி, கோலம் வுடு, நெசமான வரியா இருந்தாலும் அதுவா முடிய வெட்டப் போவுது? டியூப்லைட்டுக்கு கீழ வா. கூரு பக்கத்த வெளிச்சத்துக்கு நேராத் தூக்கிப் பாரு. இன்னா தெரியுது?

டில்லி: பளபளன்னு கோடு. சோக்கா கீது.

கன்னியப்பன்: அது சோக்கு இல்லடா, மொட்டை. நெசமா கூரா இருந்தா அந்த ஓரத்துல வெளிச்சம் நிக்க எடமே இருக்காது. எங்க மினுங்குதோ அங்க மழுங்கிருக்கு, இல்ல பல்லு போயிருக்கு. உன் கத்தி மூக்கு நுனிலேர்ந்து அடி வரைக்கும் தீபாவளி.

டில்லி: புதுசு தானேண்ணா! (கட்டை விரலை ஓரத்தில் ஓட்டிப் பார்க்கப் போகிறான்.)

கன்னியப்பன்: டேய், எட்ரா கைய! கூரு ஓடற தெசையில விரல ஓட்டாத. நல்ல கத்தியா இருந்திருந்தா இந்நேரம் விரலு ரெண்டாயிருக்கும். பாக்கணும்னா முன்னங்கை முடி மேல, தோலத் தொடாம நவுத்து. புடிச்சி இழுக்காம முடி உதிரணும்.

(டில்லி கையில் வைத்து நகர்த்துகிறான். ஒன்றும் உதிரவில்லை. அழுத்துகிறான். வெள்ளைக் கோடு விழுகிறது.)

டில்லி: தீட்னா சரியாயிடும்ல? நீ தீட்டிக் குடு.

கன்னியப்பன்: தீட்றது ஒண்ணும் பெருசு இல்ல. நல்ல கம்பெனி கத்தியிலயே சிலது கடைசித் தீட்டு இல்லாம தான் வரும். ஆனா தீட்டினா ஏறுமான்னு தான் வாங்கறதுக்கு முன்ன பாக்கணும். ஸ்கேல எடு. அகலம் எவ்ளோ?

டில்லி: பதினாறு மில்லி.

கன்னியப்பன்: அதாவது அஞ்சு நூலு. இந்த கத்திக்கு உலகம் முழுக்க நூல் கணக்கு தான், இஞ்சுல எட்டுல ஒரு பங்கு. நாலு, அஞ்சு, ஆறு, ஏழுன்னு வரும். கத்துக்கறவனுக்கு அஞ்சோ ஆறோ போதும். ஏழு நூலுக்கு மேல போனா உன் மூக்குக்கு கீழ திருப்ப எடம் பத்தாது. இப்ப முதுகு கனம் பாரு.

டில்லி: ஆறு மில்லி. கெட்டியாத் தானே கீது!

கன்னியப்பன்: அங்க தான் ஆப்பு. கல்லுல தீட்றப்ப கத்திய மல்லாக்கப் படுக்க வைக்கிறோம். முதுகும் கூரும் ஒண்ணா கல்லத் தொடணும். அப்போ கோணத்த நான் வெச்சனா, நீ வெச்சியா? முதுகு வெக்கிது. பதினாறு மில்லி அகலத்துக்கு முதுகு நாலரை மில்லின்னா கோணம் 16 டிகிரி வரும், அது முகத்துக்கு ஏத்தது. உனுது ஆறு. 21, 22 டிகிரிக்குப் போயிடும். பட்டாணிய ஒடைக்கலாம், முடி ஒடையாது.

டில்லி: அப்போ முதுகு எளச்சி இருக்கணும்.

கன்னியப்பன்: ரொம்ப எளச்சாலும் கூரு அப்பளமாயிடும், முடி பட்டாலே ஒடையும். அதுக்கு தான் பழைய கத்தி வாங்கறவன் முதுகத் தடவிப் பாக்கணும். எவனாவது கல்லுல போட்டு அழுத்தித் தேச்சிருந்தா முதுகுல பட்டையா ஒரு தேய்மானம் விழும். ரெண்டு பக்கமும் ஒரே அளவா, மெல்லிசா இருந்தா பரவால்ல. ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகலா இருந்தா கத்தி கோணிக்கினு இருக்கு, இல்ல தீட்டினவன் கோணிக்கினு இருந்தான்.

(கன்னியப்பன் கத்தியைக் கண்ணாடி பலகை மேல் படுக்க வைத்து ஒரு ஓரத்தைத் தட்டுகிறார். 'டக் டக்' என்று ஆடுகிறது.)

டில்லி: ஆடுதே!

கன்னியப்பன்: நாலு மூலையும் உக்காரல. முறுக்கிக்கினு கீது. இத்தக் கல்லுல வெச்சா நடுவுல தீட்டும், மூக்கு அந்தரத்துல நிக்கும். இன்னும் ஒண்ணு, கத்திய மெல்ல மூடு. எங்க போய் உக்காருது?

டில்லி: பிடியில ஒரு பக்கமா சாயுது... மண்டை ஓட்ட இடிக்கிது.

கன்னியப்பன்: மூடும்போது நடுவுல எறங்கணும். இடிச்சா நீ ஒவ்வொரு தரம் மூடும்போதும் அந்த மண்டை ஓடே உன் கூர ஒடச்சி வுட்ரும். தகடும் பிடியும் சேர்ற பூட்டாணி தளர்ந்திருந்தாலும் இதே கதி. ஆட்டிப் பாத்து லொடலொடன்னா வெச்சிட்டு வந்துரு.

டில்லி: சரிண்ணா, இது போச்சு. தகட்டுல 'ஜெர்மன் ஸ்டீல்'னு போட்டிருந்தான்.

கன்னியப்பன்: இரும்பு ஜெர்மன்காரன்துன்னு தான் போட்டான். கத்தி ஜெர்மன்காரன் செஞ்சதுன்னு போடல. சோலிங்கன்னு அங்க ஒரு ஊரு. அந்தப் பேரைக் கண்டவன்லாம் பொறிச்சி வித்துனு இருந்தான்னு 1938லயே சட்டம் போட்டுட்டான்: அந்த வட்டாரத்துல செஞ்சாத்தான் அந்தப் பேரு. இங்கிலாந்துல ஷெஃபீல்டு. பழைய கத்தில இந்த ரெண்டு பேரும் நெறைய வரும். பேரப் பாத்து மயங்காத, துரு பாரு.

டில்லி: துருவ ஸேண்ட் பேப்பர்ல தேச்சா போயிடாதா?

கன்னியப்பன்: நடுவுல கறை இருந்தா வயசான மூஞ்சின்னு வுட்டுரலாம். கூரு ஓரத்துல கருப்பா குழி குழியா இருந்தா தொடவே தொடாத. தீட்டத் தீட்ட அந்தக் குழி ஓரத்துக்கு வரும், அங்க பல்லு விழும். ஓரத்துலேர்ந்து மேல கீத்து ஓடுச்சின்னா அது காயலாங்கடைக்கு. ஆமை ஓடு மாதிரி கலர்ல பிடி இருந்தா அதுவும் உஷாரு. செல்லுலாய்டு. அது கெட ஆரம்பிச்சதுன்னா அது வுடற ஆவியே தகட்டத் தின்னுடும்.

டில்லி: புதுசே வாங்கிக்கறேன்பா. எந்த இரும்பு?

கன்னியப்பன்: கார்பன் ஸ்டீல் தீட்டச் சுளுவு. ஸ்டெயின்லெஸ்ஸு கல்லுல ரவ பிடிவாதம் புடிக்கும், ஆனா துரு சீக்கிரம் ஏறாது. மத்த ஊர்க்காரனுக்கு எதுன்னாலும் சரி. உனக்கு வூட்டு ஜன்னலத் தொறந்தா கடலு. சைக்கிள் செயினே மூணு மாசத்துல செவக்குது. ஸ்டெயின்லெஸ் வாங்கிக்க. அதையும் ஷேவிங் முடிச்சி கழுவி, தொடச்சி, மூடாம ரவ நேரம் காய வுட்டு, தையல் மிஷின் எண்ணெ ஒரு சொட்டு தடவு. பாத்ரூம்ல வெக்காத.

டில்லி: எளச்ச தகடு, தடிச்ச தகடுன்னு இன்னாவோ சொல்றாங்களே?

கன்னியப்பன்: ரெண்டு பக்கமும் எவ்ளோ குடைஞ்சி எடுத்திருக்கான்ற மேட்டரு. முழுசா குடைஞ்சது காயிதம் மாதிரி. முடி வெட்டும்போது ஙொய்ங்னு பாடும். கைக்கு சேதி சொல்லும், ஆனா அழுத்தினா வளையும். குடையாதது ஆப்பு மாதிரி கெட்டி. கல்லுல தீட்ட நேரமாவும். பாதி குடைஞ்சது வாங்கு, கை நடுங்கினாலும் தாங்கும். மூக்கு உருண்டையா இருக்கணும். கூரா இருந்தா கிருதா எறக்கறப்ப காது மடல் போயிடும்.

டில்லி: சரி. அஞ்சு நூலு, பாதி குடைஞ்சது, உருண்ட மூக்கு, ஸ்டெயின்லெஸ். எவ்ளோ ஆவும்?

கன்னியப்பன்: நல்ல ஜெர்மன்காரன்து பத்தாயிரத்தத் தாண்டும்.

டில்லி: (நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறான்) பத்...

கன்னியப்பன்: கத்தி மட்டும். அப்பால கூர நீவி வுட தோல் வாரு வேணும். அப்பால கல்லு. ஆயிரம் நம்பர்ல சரிவு புடிச்சி, நாலாயிரம், எட்டாயிரம், பன்னெண்டாயிரம்னு ஏத்தணும்.

டில்லி: ரூபாயா?

கன்னியப்பன்: கல்லு நம்பரு! நம்பர் ஏற ஏற கல்லு நைசாவும். ஆனா அத்த விட அடிக்கடி வேலை வாருல தான். ஒவ்வொரு தரம் முகத்துல வெக்கறதுக்கு முன்ன துணி வாருல முப்பது இழுப்பு, தோல்ல அம்பது. கேட்டுக்க: கல்லுல கூரு முன்னாடி போவணும். வாருல முதுகு முன்னாடி போவணும். திரும்பும்போது முதுகு மேல பொரட்டணும்.

டில்லி: கூரு மேல பொரட்னா?

கன்னியப்பன்: வாரு ரெண்டாயிடும். அதனால மொதல் வாரு விலை கம்மியா வாங்கு, எல்லாரும் வெட்டுவாங்க. வாரத் தொய்வா புடிச்சாலும் வம்பு, கூரு உருண்டுடும். எத்தினி பேர் கத்தி மோசம்னு திட்றான், மோசம் வாருல கீது.

டில்லி: கன்னத்துல எப்டி வெக்கறது?

கன்னியப்பன்: சுடுதண்ணி துணி ரெண்டு மூணு நிமிஷம். நல்ல நுரை. முதுக கன்னத்துலேர்ந்து ஒரு முதுகு கனத்துக்கு ரவ மேல தூக்கு, 30 டிகிரி வரும். அதுக்கும் தூக்கினா சுரண்டும், படுக்க வெச்சா முடிய இழுக்கும். இன்னொரு கையால தோல இழுத்துப் புடி. முடி போற தெசையில மொதல்ல. கத்திய பக்கவாட்டுல மட்டும் நவுத்தாத, வாழப்பழம் நறுக்கறாப்ல ஆயிடும். மொத ரெண்டு வாரம் கன்னம் மட்டும். மோவாய் கடைசி. வெட்டிக்கினா படிகாரம்.

டில்லி: நீ மட்டும் பிளேடு போட்ட கத்தில பண்ற?

கன்னியப்பன்: ஒரு ஆளு மூஞ்சில பட்ட கத்திய இன்னொரு ஆளுக்கு வெக்கலாமா? ரத்தம் படுது. பிளேட காயிதத்தோட ஒடச்சி, ஆளுக்குப் புதுசு. பெரிய கத்தி ஒரே ஆளுக்கு ஒரே கத்தி. அத்தோட பிளேடு கத்தி எடையே இல்ல, தப்பு பண்ணா மன்னிக்காது. அதுல கத்துக்கலாம்னு நெனைக்காத. இப்பிடித் திரும்பு, வெளிச்சத்துல மூஞ்சக் காமி.

டில்லி: இன்னாத்துக்கு?

கன்னியப்பன்: (முகவாயைப் பிடித்து எண்ணுகிறார்) ...பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. மீசைய சேக்கல. பத்தாயிரத்தப் பன்னெண்டால வகு.

டில்லி: (விரல் மடக்கி) முடி ஒண்ணுக்கு... எண்ணூத்தி முப்பத்தி மூணு. கல்லு, வாரு சேக்காம.

(கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.)

டில்லி: இந்த டிராகன இன்னா பண்றது?

கன்னியப்பன்: இங்க குடு. இந்த ஸ்டிக்கரயாவது எடுக்கட்டும்.

(கண்ணாடியில் வைத்துச் சுரண்டுகிறார். ஸ்டிக்கர் அசையவில்லை. இன்னும் அழுத்துகிறார். கத்தி வழுக்குகிறது.)

டில்லி: நிறுத்துண்ணா. நேரா தூக்கிப் புடிச்சிக்கினு கீற, அதான் சுரண்டுது. முதுக எறக்கு. ஒரு முதுகு கனத்துக்கு ரவ மேல.

கன்னியப்பன்: ...எறக்கிட்டேன்.

டில்லி: சுடுதண்ணி காட்னியா? நுரை எங்க? (பிரஷ்ஷை எடுத்து ஸ்டிக்கருக்கு நுரை பூசுகிறான்.) ரெண்டு நிமிஷம் ஊற வுடு. தோல இழுத்துப் புடி.

கன்னியப்பன்: கண்ணாடிக்கு ஏதுடா தோலு?

டில்லி: அப்போ மூக்க பாத்து எறக்கு. ஸ்டிக்கர் போற தெசையில மொதல்ல.