எல்லா இரும்புக்கும் 32 பல்லு சரி வராது
ஒருத்தர் "இரும்புன்னா கண்ண மூடிட்டு இன்ச்சுக்கு 32 பல்லு ஆக்ஸா பிளேடு (இரும்பு அறுக்குற ரம்ப பிளேடு) வாங்குங்க"ன்னு போட்டிருக்காரு, அது பாதிதாங்க சரி. 1 எம்எம் கனம் ஸ்கொயர் டியூபுக்கு 32 தான் வேணும், 18 போட்டா ஓரத்துல மாட்டி பல்லு உதிர்ந்துடும். ஆனா 25 எம்எம் எம்எஸ் (மைல்ட் ஸ்டீல், சாதா இரும்பு) ராடுல அதே 32-அ போட்டா, நடுப்பகுதிக்கு வரும்போது முப்பது பல்லு ஒண்ணா உரசுது, பல்லிடுக்குல தூள் அடைச்சு வெட்டாம வழுக்கும், நாம இன்னும் அழுத்துவோம், பிளேடு சூடாகி மொட்டையாகிடும். அதுக்கு 18, இல்லன்னா 14 போடுங்க. வெட்டுற இடத்துல குறைஞ்சது மூணு பல்லு பதியணும், அதான் கணக்கு. மெல்லிசு டியூபுல 32-லயே மூணு வராது, அதனால பிளேட சாய்ச்சுப் பிடிச்சு மெதுவா இழுங்க.