குரோம் கார்டின் கூன் முதுகு

பேஸ்பால் கார்டு பாக்கெட்டுல பளபளன்னு ஒரு ரிஃப்ராக்டர், அதாவது வெளிச்சத்துல வானவில் நிறம் காட்டற குரோம் கார்டு, விழுந்துச்சேன்னு சந்தோஷப்பட முடியுதா? சுட்ட அப்பளம் மாதிரி வளைஞ்சுல்ல வருது! 2.5-க்கு 3.5 அங்குலத் துண்டு. முன்பக்கம் பளபளப் படலம், பின்னால வெறும் அட்டை. காத்துல ஈரம் ஏறி இறங்கினா அட்டை விரியும், சுருங்கும், படலம் அசையாது. வளையாம என்ன செய்யும்?

அப்படியே டாப்லோடர்ங்கற கெட்டி பிளாஸ்டிக் உறையில திணிச்சா விளிம்புல மூலை இடிபட்டு வெள்ளை தெரியும். அப்புறம் எங்கே கிரேடிங்ல, அதான் கார்டோட நிலையைப் பார்த்து மார்க் போடறதுல, முழு 10 வாங்கறது? முதல்ல மெல்லிய பிளாஸ்டிக் ஸ்லீவ். அதோட வாய் மூலையைக் கொஞ்சம் வெட்டிட்டு நுழைக்கணும். பிறகு ஈரப்பதத்தை 49 சதவீதத்துலேயே வச்சிருக்கற பொட்டலத்தோட மூடின டப்பாவுல சில வாரம் கிடக்கணும். கையாலேயே எதிர்ப்பக்கம் வளைச்சு நிமிர்த்தற புத்திசாலிகளும் உண்டு. குறுக்கே மடிப்புக் கோடு விழும், கதை முடிஞ்சது. கார்டு கம்பெனிக்காரங்க இவ்வளவு காசு வாங்கறாங்க, பின்பக்கமும் அதே படலத்தை ஒட்டினா என்னவாம்?