ஒப்புக்குச் சப்பாணிக்கு ஒரு ஹேண்டிகேப்

போன வாரம் முழுக்க என் ரத்தக்கொதிப்பை ஏற்றிவிட்டது ஒரு படிவத்தில் இருந்த ஒரே ஒரு கட்டம்.

நான் இருப்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ஊர். பக்கத்து ஊர் கோல்ஃப் கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை ஓபன் போட்டி என்று போட்டிருந்தார்கள். ஓபன் என்றால் திறந்தது என்றுதான் நாலாம் வகுப்பு டீச்சர் சொல்லிக்கொடுத்தார். நம்பி உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். பேர், போன் நம்பர், ஹேண்டிகேப் 22.7, எல்லாம் ஆயிற்று. பணம் கட்டப் போகும்போது 'ஹோம் கிளப்' என்று ஒரு கட்டம். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். காலியாக விட்டால் மேலே போக விடாது. ஹோம் கிளப் என்றால் நாம் உறுப்பினராக இருக்கிற கிளப். எனக்கு அது கிடையாது. 'இல்லை' என்று அடித்தேன். ஏற்றுக்கொண்டது, பணத்தையும் எடுத்துக்கொண்டது.

மறுநாள் போட்டிச் செயலாளரிடமிருந்து மின்னஞ்சல். மிக மரியாதையாக, மூன்றே வரி. எங்கள் ஓபன் ஏதாவது ஒரு கிளப்பில் உறுப்பினராக இருப்பவர்களுக்கு மட்டும், உங்கள் பணம் திரும்பி வரும், உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. என் ஆர்வத்துக்கு நன்றியாம்!

கோல்ஃப் பக்கமே போகாதவர்களுக்கு இது ஏன் எரிகிறது என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கோல்ஃபில் கத்துக்குட்டியும் கைதேர்ந்தவனும் சரிசமமாக மோத ஒரு வழி இருக்கிறது. அதுதான் ஹேண்டிகேப். தெருவில் விளையாடும்போது சின்னப் பையனுக்கு இரண்டு தடவை அவுட் ஆகச் சலுகை கொடுப்போமே, அதையே கணக்குப் போட்டுப் புள்ளி வைத்து எழுதியது. கம்மி அடியில் முடிப்பவன்தான் ஜெயிப்பான், ஹேண்டிகேப் எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு அடி சலுகை. உங்கள் கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8 எவை என்று பார்த்து, அவற்றின் சராசரியை எடுப்பார்கள். அதுவும் வெறும் அடி எண்ணிக்கை இல்லை. கோர்ஸ், அதாவது ஆடுகளம், எவ்வளவு கடினம் என்பதற்கு இரண்டு அளவு உண்டு: கைதேர்ந்தவனுக்கு அங்கே எத்தனை அடி ஆகும் என்பது கோர்ஸ் ரேட்டிங், சாதாரண ஆளுக்கு அது எவ்வளவு கூடுதல் கடினம் என்பது ஸ்லோப். ஸ்லோப் 55இலிருந்து 155 வரை போகும், நடுத்தரம் 113. ரேட்டிங் 69.4, ஸ்லோப் 118 உள்ள கோர்ஸில் நான் 96 அடித்தால், 96இலிருந்து 69.4ஐக் கழித்து, 113ஆல் பெருக்கி, 118ஆல் வகுத்து, 25.5 என்று வரும். நான் நல்லவனா கெட்டவனா, கிளப்காரனா காட்டுப்பயலா என்பதற்கு இந்தக் கணக்கில் எங்கேயும் இடம் இல்லை. கவனித்தீர்களா?

முன்பெல்லாம் பிரிட்டனில் கிளப்பில் சேராதவனுக்கு அதிகாரபூர்வமான ஹேண்டிகேப் கிடையாது. முடிந்தது கதை. 2020 நவம்பர் 2ஆம் தேதி உலகப் பொது ஹேண்டிகேப் முறை இங்கே வந்தது. அதற்கு அடுத்த வருடம், 2021 ஜூலையில், இங்கிலாந்து கோல்ஃப் அமைப்பு 'ஐகோல்ஃப்' என்று ஒரு சந்தாவைத் தொடங்கியது. ஆரம்பத்தில் வருடத்துக்கு 40 பவுண்ட். கட்டினால் கிளப் இல்லாதவனுக்கும் உறுப்பினருக்குப் போடும் அதே சூத்திரத்தில், அதே மாதிரி எண் கிடைக்கும். ஆட்டத்தில் பந்து யார் தலையிலாவது விழுந்து தொலைத்தால் அதற்குக் காப்பீடும் உண்டு. நான் உடனே சேர்ந்துவிட்டேன். முதல் தடவை அந்த எண் போனில் வந்தபோது, பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மாதிரி வீட்டில் காட்டித் திரிந்தேன். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "கம்மியா இருந்தா நல்லதா, அதிகமா இருந்தா நல்லதா?" என்று கேட்டாள். கம்மியாக இருந்தால் நல்லது என்றேன். "அப்ப இது நல்லதில்லையே" என்று சொல்லிவிட்டுக் குக்கரைப் பார்க்கப் போய்விட்டாள்.

சரி, எண் கொடுத்துவிட்டார்கள். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட வேண்டுமே. கிளப்பின் ஓபன் போட்டியில் எங்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அந்தந்த கிளப்பே முடிவு செய்துகொள்ளலாம். சில கிளப்புகள் சேர்த்துக்கொள்கின்றன, சந்தோஷமாகவே சேர்த்துக்கொள்கின்றன, அதையும் சொல்லிவிட வேண்டும். மற்ற இடங்களில் அந்தச் சிவப்பு நட்சத்திரக் கட்டம். நாங்கள் ஆட்டத்தில் இருக்கிறோம், ஆனால் இல்லை. சின்ன வயதில் அக்காவின் தோழிகள் நொண்டி விளையாடும்போது அழுது அடம்பிடித்தால் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். நான் எல்லாரையும் தொடலாம், யாரும் அவுட் இல்லை. அப்போது எனக்கு ஐந்து வயது, காசும் கேட்கவில்லை. இப்போது நாற்பத்தாறு வயதில் சந்தா கட்டி ஒப்புக்குச் சப்பாணியாக இருக்கிறேன்.

மின்னஞ்சலோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை, அந்த கிளப்புக்குப் போன் போட்டேன். ஒரு பெரியவர் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"சரிங்க. ஆனா நீங்க எந்த கிளப்?"

"கிளப் இல்லை, சார். ஹேண்டிகேப் இருக்கு."

"புரியுது. அது எந்த கிளப்ல இருக்கு?"

நான்கு தடவை சுற்றி இதே இடத்துக்கு வந்தோம். அவர் கெட்டவர் இல்லை, பாவம். கிளப் இல்லாமல் ஒரு ஆள் இருக்க முடியும் என்பதே அவர் மண்டையில் ஏறவில்லை. எனக்கு நம்ம ஊர்க் கேள்வி ஒன்றுதான் ஞாபகம் வந்தது. "தம்பி எந்த ஊரு?" மதுரை என்போம். "மதுரையில எந்தப் பக்கம்?" சொல்வோம். "அங்க எந்தத் தெரு?" கேட்பவருக்கு வேண்டியது தெருவின் பேர் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அந்தக் கொடுமையும் இதுவும் ஒன்று என்று சொல்ல வரவில்லை, ஒரு நாள் விளையாட்டுக்காக அந்த அளவுக்குப் போக மாட்டேன். ஆனாலும் மூன்றாவது தடவை "எந்த கிளப்?" என்று அவர் கேட்டபோது என் முதுகு தானாக நிமிர்ந்தது.

இவர்கள் சொல்லும் காரணம் ஒன்று இருக்கிறது. கிளப் இல்லாதவன் வேண்டுமென்றே மோசமாக ஆடி, ஹேண்டிகேப்பை ஏற்றி வைத்துக்கொண்டு, போட்டியில் வந்து பரிசை அள்ளிக்கொண்டு போய்விடுவானாம். இங்கே அதற்கு 'பேண்டிட்' என்று பேர், அதாவது கொள்ளைக்காரன். கிளப் என்றால் சக உறுப்பினர்கள் கண்காணிப்பார்களாம்.

அப்படியா? என் மச்சினன் கதையைக் கேளுங்கள். அவன் வேறொரு கிளப்பில் பத்து வருடமாக உறுப்பினர், வருடத்துக்கு ஆயிரத்து சொச்சம் பவுண்ட் கட்டுகிறான். ஹேண்டிகேப் 14. அந்த 14 எப்போது வந்தது? அவன் மகள் பிறந்த வருடம். மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. போன கோடையில் என்னோடு ஆடி 104 அடித்தான். "இதைப் போடலையாடா?" என்றேன். "எதுக்கு மாமா, ஒரு ஆட்டம் சரியில்லன்னா அதுக்குப் போய் கார்டு போடுவாங்களா?" என்றான். கார்டு போடுவது என்றால் அன்றைய ஸ்கோரை ஹேண்டிகேப் கணக்கில் பதிவது. பதினாலு என்று சொல்லிக்கொள்வதில் அவனுக்கு ஒரு கௌரவம். சரி, அது போட்டியில் அவனுக்கே நஷ்டம். ஆனால் இதையே தலைகீழாக, நன்றாக ஆடிய நாளில் கார்டு போடாமல் கமுக்கமாக இருக்கும் ஆசாமிகளும் அதே கிளப்பில் உண்டு, பேர் சொல்லி அவனே சிரிக்கிறான். கண்காணிக்கிற லட்சணம் இது.

நானோ மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை ஆடுகிற ஆட்டத்தில் முக்கால்வாசிக்குக் கார்டு போடுகிறேன். இருபது ஆட்டம் பதிவாகிவிட்டால் எண்ணை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது. ஒரு வருடத்தில் இருந்த ஆகக் குறைந்த எண்ணிலிருந்து 3 புள்ளி தாண்டினால் ஏற்றம் பாதியாகும், 5 தாண்டினால் அதோடு நின்றுவிடும். ஒரு ஹோலில், அதாவது ஒரு குழிக்கான ஆட்டத்தில், சொதப்பித் தள்ளிப் பத்து, பன்னிரண்டு என்று எழுதி வைக்கவும் வழியில்லை, அதற்கும் உச்சவரம்பு உண்டு. இந்தப் பூட்டெல்லாம் கிளப்காரனுக்கும் எனக்கும் ஒன்றுதான். அவன் கார்டில் நம்பிக்கை, என் கார்டில் சந்தேகம் என்றால் அது கணக்கில் வந்த சந்தேகம் இல்லை.

அந்தக் கார்டு போடுவது எங்களுக்கு என்ன பாடு என்பது இவர்களுக்குத் தெரியுமா? தனியாக ஆடிவிட்டு நானே என் ஸ்கோரைப் போட முடியாது. முதல் அடிக்கு முன்பே செயலியில் 'இன்றைக்கு ஆடுவது கணக்கில் சேரும்' என்று சொல்லிவிட வேண்டும். கூட ஆடும் ஒருவர் மார்க்கராக, அதாவது ஸ்கோருக்குச் சாட்சியாக, இருந்து கடைசியில் செயலியில் ஒப்புக்கொள்ள வேண்டும். நியாயமான விதி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் கிளப்காரனுக்கு சனிக்கிழமை காலை போனால் நாற்பது பேர் மார்க்கர். நகராட்சி கோர்ஸில் பணம் கட்டி ஆடுகிற எனக்கு?

ஏப்ரலில் ஒரு நாள். காலை ஏழே முக்கால், புல்லில் பனி. என்னோடு சேர்த்து விட்டது ஓய்வு பெற்ற பிளம்பர் ஒருவரை, எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அருமையான மனுஷன். தெர்மாஸில் டீ கொண்டு வந்து எனக்கும் ஊற்றிக் கொடுத்தார். "எனக்கு மார்க்கராக இருப்பீர்களா?" என்று கேட்டேன். "தாராளமா" என்று சட்டைப்பையிலிருந்து இரண்டு அங்குலப் பென்சில் ஒன்றை எடுத்தார். செயலி என்றேன். போனைக் காட்டினார். பட்டன் போன், அதுவும் நடுவில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியது. அன்றைக்கு நான் 89 அடித்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக 90க்குக் கீழே. பதினேழாவது ஹோலில் பங்கரிலிருந்து, அதாவது மணல் பள்ளத்திலிருந்து, அடித்த பந்து நேராகக் குழிக்குள் போனது. பெரியவர் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு கை தட்டினார். அந்த 89 எந்தக் கணக்கிலும் இல்லை. அவர் பென்சிலால் எழுதிக் கையெழுத்துப் போட்ட அட்டை மட்டும் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில், மளிகை லிஸ்டுக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

இதில் கிளப்காரர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆயிரம் பவுண்ட் கட்டுகிறவனுக்குக் கிடைப்பதே ஐகோல்ஃப் சந்தாவுக்குக் கிடைத்தால் அப்புறம் யார் கிளப்பில் சேர்வார்கள் என்கிறார்கள். ஐயா, உங்கள் ஆயிரம் பவுண்ட் புல்லுக்கு, மதுக்கூடத்துக்கு, சனிக்கிழமை காலை டீ டைமுக்கு, அதாவது ஆட்டம் தொடங்கக் குறித்து வைக்கிற நேரத்துக்கு. அதையெல்லாம் நான் கேட்டேனா? ஓபன் போட்டிக்கு நான் நுழைவுக் கட்டணம் தனியாகக் கட்டுகிறேன். குளிர் விட்ட மாதங்கள், குழந்தைகளுக்கு நீச்சல் வகுப்பு இல்லாத ஞாயிறுகள், இதில்தான் என் கோல்ஃப். வருடத்துக்குப் பதினைந்து ஆட்டம் ஆடுகிறவன் ஆயிரம் பவுண்ட் கட்டினால் ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட அறுபத்தேழு பவுண்ட். அந்தக் காசில் மதுரை முனியாண்டி விலாஸையே வீட்டுக்கு வரவழைத்துவிடலாம்.

மற்ற நாட்டில் வானமா இடிந்து விழுந்துவிட்டது? ஜெர்மனியில் கிளப் சேராதவர்களுக்கென்றே 1993இல் ஒரு சங்கம் வைத்தார்கள், ஹேண்டிகேப்பும் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு கைப்பிடி மண்கூடச் சொந்தமாக இல்லாமல், பத்துப் பேர் சேர்ந்தாலே ஹேண்டிகேப் கொடுக்கிற கிளப் ஆகிவிடலாம். ஆன்லைனில் மட்டும் இருக்கிற கிளப்புகளும் அங்கே உண்டு. அங்கேயெல்லாம் இன்னும் கோல்ஃப் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கோல்ஃபின் தாய்வீடு என்று எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிற செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்த கிளப்பின் சொத்தும் இல்லை, பொது நிலம். ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டம் கிடையாது, ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு அதில் நடக்கிறார்கள். அங்கே ஆட ஹேண்டிகேப் காட்ட வேண்டும், சரிதான். எண்ணைக் காட்டினால் போதும் என்கிற இடத்தில் உலகம் முழுக்க வந்து வரிசையில் நிற்கிறது. நம்ம பக்கத்து ஊர் கிளப்பில், கார் நிறுத்துமிடத்தில் குண்டும் குழியுமாகத் தண்ணீர் தேங்கிக் கிடக்கிற கிளப்பில், எண் மட்டும் போதாதாம்.

பணம் நேற்று திரும்பி வந்துவிட்டது. அதில் ஒன்றரை பவுண்ட் பிடித்திருக்கிறார்கள், பதிவுக் கட்டணமாம். இதற்கும் போன் போட்டால் மறுபடியும் "எந்த கிளப்?" என்று ஆரம்பிப்பார் அந்தப் பெரியவர். வேண்டாம், ஒன்றரை பவுண்டை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

வரும் ஞாயிறு அதே நகராட்சி கோர்ஸில் ஏழு நாற்பதுக்கு டீ டைம் போட்டிருக்கிறேன். கூட யாரைச் சேர்த்துவிடுவார்கள் என்று தெரியவில்லை. பிளம்பர் பெரியவர் வந்தால் டீ கிடைக்கும், ஸ்கோர் கிடைக்காது. எதற்கும் என் மனைவியின் பழைய ஸ்மார்ட்போனைச் சார்ஜில் போட்டு வைத்திருக்கிறேன், அவருக்குக் கொடுத்துப் பார்க்கலாம்.