புது டீசல் பார்ட் பாக்கெட்டைக் கிழிக்கறதுக்கு முன்னாடி கையைக் கழுவுங்கப்பா!

மாதவரம், மணலி, எண்ணூர்னு எங்க பார்த்தாலும் ரோட்டோரமா டிரெய்லரை ஒதுக்கி டீசல் பார்ட் மாத்திட்டு இருக்காங்க. பார்க்கறப்போ வயிறு எரியுது. நிலக்கரித் தூசியும் கடல் காத்து உப்பும் வண்டி மேல படிஞ்சு கிடக்கு. பக்கத்துல ஒரு கன்டெய்னர் வண்டி போனா கண்ணைத் திறக்க முடியாத புழுதி. அதுக்கு நடுவுல, சிலிண்டருக்குள்ள டீசல் பீச்சற இன்ஜெக்டரோட பைப்பைக் கழட்டி, பைப் வாயை மூடாம, சாக்கு மேல போட்டு வைக்கறாங்க. கேட்டா, "முப்பது வருசமா இப்படித்தான் பண்றோம்"னு பதில் வருது.

முப்பது வருசத்துக்கு முன்னாடி இருந்த பம்பு வேறப்பா! அந்த வண்டிங்கள்ல இன்ஜெக்டர் மூக்கு, அதான் நாசில், 200, 250 பார் அழுத்தத்துல திறக்கும். இன்னைக்கு எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாய்ல டீசலை அழுத்தி வைக்கற காமன் ரயில்ல 1,600 பாரையும் தாண்டுது. லாரி டயர்ல அடிக்கற காத்து சுமாரா 8 பார், அதுக்கு 200 மடங்கு. உள்ள ஓடற வால்வுக்கு இடைவெளி ரெண்டு மூணு மைக்ரான்தான். தலைமுடி ஒண்ணு சுமாரா 70 மைக்ரான் வரும். பனியன் வேஸ்ட்டை வெச்சுத் துடைச்சா அதுல பிரியற பிசிறு ஒண்ணு போதும், புது இன்ஜெக்டர் ஒழுங்கா மூடாது.

அதைவிடக் கொடுமை, மெயின் ஃபில்டர் மாத்தறப்போ கேன்ல இருக்கற டீசலை அதுல ஊத்தி நிரப்பி மாட்டறது. நடு ஓட்டையில ஊத்தினா அது வடிகட்டாத டீசல். ஃபில்டர் பேப்பரைத் தொடாம நேரா ஹை பிரஷர் பம்புக்குப் போகுது. காலி ஃபில்டரை மாட்டு, கையால டீசல் ஏத்தற சின்ன பம்பு, அந்தக் கை பிரைமரை அது இறுகற வரைக்கும் அடி. அம்பது தடவையோ நூறு தடவையோ, கை வலிச்சாலும் அடிச்சுத்தான் ஆகணும். அதுக்குச் சோம்பல்பட்டு செல்ஃப் அடிச்சுகிட்டே இருந்தா பம்பு காய்ஞ்சு ஓடும். பம்புக்கு எண்ணெய்ப் பசையே அந்த டீசல்தானே! தேய்ஞ்ச இரும்புத் தூள் ரயில், இன்ஜெக்டர், ரிட்டர்ன் லைன் வழியா டேங்க் வரைக்கும் போயிடும். அப்புறம் ஒரு பார்ட் மட்டும் மாத்தி எந்தப் பிரயோஜனமும் இல்ல.

டீசல் லைன்ல புகுந்த ஏர் எடுக்கறேன்னு இன்ஜின் ஓடறப்போ பைப் நட்டை லூஸ் பண்ற பழக்கத்தை தயவு செஞ்சு விடுங்க. காமன் ரயில்ல அந்தப் பீச்சு கிளவுஸையும் தோலையும் துளைச்சுடும். வெளிய பார்த்தா ஊசி குத்தின புள்ளி மாதிரிதான் தெரியும், உள்ள சதை கெட்டுப்போகும். மருந்து தடவிட்டு உக்காராம அந்த நிமிசமே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

இப்ப அந்தச் செம்பு வாஷர் விசயம். எனக்கு ஆத்திரம் அடங்காதது இதுலதான். இன்ஜெக்டர் அடியில இருக்கற வாஷர் ஒரு தடவை நசுங்கினா அவ்வளவுதான், மறுபடி சீல் ஆகாது. பழசையே சுட்டு, தேய்ச்சு மாட்டினா கனம் குறைஞ்சு நாசில் மூக்கு கூடுதலா உள்ள நீட்டும். சில சமயம் இன்ஜெக்டரை உருவறப்போ பழைய வாஷர் சிலிண்டர் ஹெட்ல இன்ஜெக்டர் உக்கார்ற குழியிலேயே ஒட்டிக்கும். டார்ச் அடிச்சுப் பார்க்காம அது மேலயே புதுசைப் போட்டுடறாங்க. ரெண்டு வாஷர் உக்காந்தா நாசில் மேல ஏறிடும், ஸ்ப்ரே பிஸ்டன்ல தப்பான இடத்துல அடிக்கும், கறுப்புப் புகை தள்ளும். கம்ப்ரஷன் காத்து ஓரமா கசிஞ்சு "சுஸ், சுஸ்"னு சத்தம் வரும். கொஞ்ச நாள்ல இன்ஜெக்டரைச் சுத்தி தார் மாதிரி கரி இறுகிடும். அடுத்த தடவை கழட்ட ஹெட்டையே இறக்கணும். கடையில வாங்கறப்போ "ஆறு வாஷர் குடு"ன்னா பத்தாது. பழசை வெர்னியர்ல அளந்து பாரு. அதுவும் வேற யாரோ போட்ட தப்பு சைஸா இருக்கலாம், அதனால இன்ஜின் மேனுவல்ல போட்டிருக்கற கனத்தோட சரிபார்த்து வாங்கு.

வெளிக்கடை ஃபீட் லைன் ஹோஸும் இப்படித்தான். தண்ணி ஹோஸை வெட்டி மாட்டினா டீசல்ல ஊறி உப்பிடும். மரையில டெஃப்லான் டேப் சுத்தினா பிஞ்சு போன துணுக்கு நாசில்ல அடைக்கும். டேங்க்ல இருந்து டீசலை இழுக்கற சக்ஷன் பக்கத்துல கசிவு இருந்தா டீசல் வெளிய சொட்டாது, காத்துதான் உள்ள போகும். அதனால யாருக்கும் தெரியறதில்ல. ஃபில்டருக்கு முன்னாடி ஒரு ஜான் உள்ள தெரியற கண்ணாடி மாதிரி ஹோஸ் மாட்டி ஓட விடு, குமிழி வருதான்னு ரெண்டே நிமிசத்துல தெரியும்.

இதெல்லாம் பண்ணாம, ஒரு வாரத்துல வண்டி மறுபடி மிஸ் அடிச்சா உடனே ஒரு பதில் ரெடியா இருக்கும்: "டீசல் சரியில்லப்பா." மிச்ச டீசல் திரும்பற ரிட்டர்ன் ஹோஸைக் கழட்டி இன்ஜெக்டருக்கு ஒரு பாட்டில் வெச்சு, எது அதிகமா நிரம்புதுன்னு பார்த்தாங்களா? மாத்தின இன்ஜெக்டர் தலையில இருக்கற கோட் நம்பரை ஸ்கேனர் போட்டு இன்ஜின் கம்ப்யூட்டர்ல ஏத்தினாங்களா? அந்தக் கோட் நம்பர் கேக்கற இன்ஜின்ல ஏத்தாம விட்டா ஐடிலிங் ஆடத்தான் செய்யும். கடைசியில ஓனர் டிரைவரைத் திட்டுறாரு. துறைமுகத்து ஜீரோ கேட் கியூவுல ஏர் புடிச்சு நின்னு டிரிப் போச்சுன்னா படிக்காசு போறதும் டிரைவருக்குத்தான்.

வேலை முடிஞ்சதும் கழட்டின வாஷரை எண்ணி டிரைவர் கையில குடுங்க. ஆறு சிலிண்டர் வண்டிக்கு ஆறு வரணும். அஞ்சுதான் வந்துச்சுன்னா செல்ஃப் அடிக்காதீங்க, ஒண்ணு இன்னும் குழிக்குள்ளதான் இருக்கு.