கைவிடப்பட்டது கருவிதான், ரியாக்ட் அன்று
இணையத்தளங்களின் திரைப்பகுதிகளை அமைக்க உதவும் நிரல் நூலகமான ரியாக்டைப் பற்றி, ‘ரியாக்ட் கைவிடப்பட்டுவிட்டது, இனிக் கற்றுப் பயனில்லை’ என ஒருவர் எழுதியிருப்பது தவறு. 2025 பெப்ரவரி 14 அன்று கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது, புதிய செயலிக்கு அடித்தளம் அமைத்துத் தரும் ‘கிரியேட் ரியாக்ட் ஆப்’ என்னும் கருவியே. ரியாக்டின் 19ஆம் பதிப்போ அதற்குச் சற்று முன்னர், 2024 டிசம்பரில்தான் வெளிவந்தது. அக்கருவியால் உருவாக்கிய பழைய செயலிகளும் நின்றுபோகவில்லை. கல்லடியில் நாங்கள் பராமரிக்கும் விடுதியொன்றின் இணையத்தளமும் அவ்வாறு உருவாக்கியதே; அதைச் சென்ற கிழமை, அதே வேலைக்கு உதவும் ‘வீட்’ என்னும் வேறொரு கருவிக்கு மாற்றினோம்: ‘பப்ளிக்’ கோப்புறைக்குள் இருந்த ‘இன்டெக்ஸ்’ கோப்பை வெளியே எடுத்து வைத்து, சூழல் மாறிகளின் (நிரலுக்கு வெளியே வைக்கப்படும் அமைப்பு மதிப்புகளின்) பெயர் முன்னொட்டையும் அவற்றை அழைக்கும் வரிகளையும் திருத்தியபின், மற்றைய ரியாக்ட் நிரல் பெரும்பாலும் அப்படியே இயங்கியது. மட்டக்களப்பில் இப்போதுதான் கற்கத் தொடங்கியுள்ள தம்பி தங்கைகள் அந்தத் தவறான கூற்றை நம்பிப் பாதியில் விட்டுவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.