ஸ்பிங்க்ஸ் நெப்போலியனுக்கு முன்பே வந்துவிட்டது

பண்டைய கிரேக்க, ரோமானிய வடிவங்களைத் தழுவிய பிரெஞ்சு நியோகிளாசிக்கல் பாணி மெழுகுவர்த்தித் தாங்கிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் அவற்றில் உள்ள எகிப்திய உருவங்கள் எல்லாமே நெப்போலியன் 1798இல் எகிப்தின்மீது நடத்திய படையெடுப்புக்குப் பிறகு வந்தவை என்று எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. ரோமில் வாழ்ந்த செதுக்கோவியர் பிரானேசி 1769லேயே எகிப்திய பாணிக் கணப்படுப்புகளை வரைந்து அச்சிட்டுவிட்டார். வெர்சாய் அரண்மனையில் பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத்தின் அறைச் சுவர்களிலும் மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட ஸ்பிங்க்ஸ்கள் உண்டு. படையெடுப்பு அந்த மோகத்தை ஊதிப் பெரிதாக்கியது, அவ்வளவுதான். கிரேக்க, ரோமானிய வடிவங்களுக்கோ எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரங்களான ஹெர்குலேனியத்தில் 1738இலும் பொம்பெயியில் 1748இலும் தொடங்கிய அகழ்வுகள் பெரிய தூண்டுதல்.

வெண்கலத்துக்குப் பொன்முலாம் பூசிய பிரெஞ்சுக் கலைஞர் பியர் கூத்தியேருக்கு ஒரே வரி ஒதுக்கியதுதான் எனக்குப் பெரிய குறை. பொன்னும் பாதரசமும் கலந்த கலவையை வெண்கலத்தின்மேல் பூசிச் சூடாக்குவார்கள். பாதரசம் ஆவியாகிப் போகும், பொன் ஒட்டிக்கொள்ளும். (அந்த ஆவிதான் முலாம் பூசியவர்களின் உடலைக் கெடுத்தது. இதையும் சொல்லியிருக்க வேண்டும்.) பிறகு அகேட் கல்லால் தேய்த்தால் பளபளப்பு வரும். கூத்தியேர் பெயர் பெற்றது மங்கலான முலாமில். பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒரே இலையில் விளிம்பு மின்னும், நடுப்பரப்பு ஒளியை உள்வாங்கிக்கொண்டு மென்மையாக இருக்கும். மெழுகுவர்த்தி வெளிச்சத்துக்கென்றே செய்த வேலை அது. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது.

அரச குடும்பத்துக்கே வேலை செய்த அந்தக் கலைஞர் கடனில் மூழ்கி, 1813இல் வறுமையில் இறந்தார். அவருக்கென்று தனியாக ஒரு கட்டுரை எழுதுங்கள், காத்திருக்கிறேன்.