யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லட்டும்

கோர்ட் வாசலில் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். வேர்டு ஃபைல் ஒன்றை ஆன்டிவைரஸ் திறக்க விடாமல் பிடித்து வைத்திருப்பது பற்றி வியாழக்கிழமை நான் போட்ட 53 நொடி வீடியோவைப் பார்த்தவர்களுக்கு நன்றி. பார்க்காமலே கருத்து சொன்னவர்களுக்கு இரட்டிப்பு நன்றி. "அக்கா, முதல்ல கம்ப்யூட்டரை மாத்துங்க." "டைப்ரைட்டர் காலத்து ஆளுங்களுக்கு இதெல்லாம் செட் ஆகாது." "ஆன்டிவைரஸைக் குறை சொல்றது ஹெல்மெட் போடாம வண்டி ஓட்டுற மாதிரி." எல்லாவற்றையும் படித்தேன். கடைசிக் கருத்துக்கு என் வீடியோவை விட அதிக லைக் விழுந்திருக்கிறது. சந்தோஷம்.

ஆன்டிவைரஸ் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? வீடியோவை இன்னொரு முறை பாருங்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று. நான் ஒரு ஃபைலைத் திறக்கச் சொல்கிறேன். நடுவில் ஒருவர் புகுந்து அதை வாங்கி வைத்துக்கொள்கிறார். வைத்துக்கொள்ளட்டும். "நான்தான் வைத்திருக்கிறேன், இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்" என்று திரையில் ஒரு வரி போடட்டும். அவ்வளவுதான். அந்த ஒரு வரி இல்லாததால்தான் அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

காலை 10.10 என்றால் என்ன என்று கோர்ட் வாசலில் கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். 42 பக்க பிளெய்ன்ட், அதாவது வழக்குப் போடுகிற மனு. முந்தின நாள் இரவே அடித்து முடித்தது. ஒரே ஒரு திருத்தம்: சர்வே எண் 112/3 என்பது 113/2 என்று இருக்க வேண்டும். அரை நிமிட வேலை. டபுள் கிளிக் செய்தேன். வேர்டு சின்னம் வந்தது, வெள்ளைத் திரை வந்தது, மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்தது. பின்னால் ஜூனியர் வக்கீல் தம்பி நிற்கிறார், அவர் மூச்சு என் கழுத்தில் படுகிறது. பொறுக்க முடியாமல் டாஸ்க் மேனேஜரில் போய் வேர்டை மூடிவிட்டு மறுபடியும் திறந்தேன். இந்த முறை, ஃபைலை வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார், அதனால் பூட்டியிருக்கிறது என்றது. யார் அந்த வேறொருவர்? என் பெயர்! நானே உள்ளே உட்கார்ந்துகொண்டு என்னைத் திறக்க விடாமல் தடுக்கிறேனாம். (பாதியில் மூடினால் அந்தப் பூட்டு ஃபைல் அழியாமல் ஃபோல்டரிலேயே தங்கிவிடுமாம். இது எனக்கு அப்புறம் தெரிந்தது.)

வக்கீல் சார் வந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, இன்னும் தட்டிக்கிட்டேதான் இருக்கீங்களா?" என்றார். பென்டிரைவை வாங்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். பன்னிரண்டு வருட வாடிக்கை.

அன்று இரவு என் நாத்தனார் மகன் வந்தான். கோயம்புத்தூரில் ஐடி வேலை பார்க்கிறான். "அத்தை, சண்டை அப்புறம் போடலாம், முதல்ல அளந்து பார்ப்போம்" என்றான். இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஆன்டிவைரஸின் காவலை மட்டும் நிறுத்தி, அதே ஃபைலைத் திறந்தோம். 4 நொடி. மறுபடி காவலைப் போட்டுத் திறந்தோம். 51 நொடி. ஒருமுறை திறந்த ஃபைல் அடுத்த முறை தானாகவே சீக்கிரம் திறந்துவிடும் என்பதால் ஒவ்வொரு தடவையும் ரீஸ்டார்ட் செய்தோம். இரண்டு விதத்திலும் மூன்று மூன்று முறை. பழைய பிரிண்ட் அவுட்டின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், கடைக்கு வந்தால் காட்டுகிறேன். அந்த ஆன்டிவைரஸின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் "எங்க வீட்ல அதே தான், ராக்கெட் மாதிரி ஓடுது" என்று இன்னொரு நாற்பது பேர் வருவீர்கள்.

அவன் சொல்லித்தான் எனக்கே புரிந்தது. நாம் டபுள் கிளிக் செய்ததும் விண்டோஸ் ஃபைலை நேராக வேர்டு கையில் கொடுப்பதில்லை. நடுவில் ஆன்டிவைரஸ் கை நீட்டி வாங்கிப் பார்க்கிறது. பார்த்து முடித்து "போகலாம்" என்று சொல்லும் வரை வேர்டு வாசலில் நிற்க வேண்டும். 2007-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸிலிருந்து நாம் சேமிக்கிற டாக்எக்ஸ் ஃபைல் இருக்கிறதே, அது ஒற்றை ஃபைலே இல்லை, ஒரு ஜிப் மூட்டை. நம்பாதவர்கள் ஒரு காப்பி எடுத்து, பெயரின் கடைசியில் இருக்கிற டாக்எக்ஸை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். எழுத்து ஒரு பக்கம், படம் ஒரு பக்கம், எழுத்துரு விவரம் ஒரு பக்கம் என்று உள்ளே ஒரு குடித்தனமே நடக்கிறது. காவல்காரர் மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எங்கள் ஃபைலில் பட்டா, வில்லங்கச் சான்று, 1960-களின் கிரயப் பத்திரம் எல்லாம் ஸ்கேன் செய்து படமாக ஒட்டியிருக்கும். 42 பக்கத்தில் 27 பக்கம் படம். போதாததற்கு வேர்டு திறக்கிறபோது தனக்கென்று ஒரு டெம்ப்ளேட்டைத் திறக்கும், தற்காலிக ஃபைல் சிலவற்றை எழுதும். அவற்றுக்கும் சோதனை உண்டு.

இத்தனை வேலை இருக்கிறது என்றால் நேரம் ஆகத்தான் செய்யும். எனக்கு அதில் வருத்தமே இல்லை. ஆனால் திரையில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று யார் பெயரில் வருகிறது? வேர்டு பெயரில். வேர்டு முன்னால் உட்கார்ந்திருப்பது யார்? நான். பிடித்து வைத்திருக்கிறவர் மட்டும் கீழே மூலையில் பச்சை டிக் போட்டுக்கொண்டு "நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்" என்று சிரிக்கிறார்.

பழைய வேர்டில் இந்த நாகரிகம் இருந்தது. ஃபைலைத் திறந்தால் கீழே உள்ள பட்டையில் 'ரிக்வெஸ்டிங் வைரஸ் ஸ்கேன்' என்று ஒரு வரி ஓடும். அப்போதும் தாமதம்தான், இன்னும் மோசம்கூட. ஆனால் வாடிக்கையாளரிடம் திரையைக் காட்டி "பாருங்க சார், வைரஸ் செக் பண்ணுது" என்று சொல்ல முடிந்தது. அவரும் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

ஹெல்மெட் அண்ணனுக்கு வருகிறேன். ஹெல்மெட் போட்டு ரோடு தெரியவில்லை என்றால் ஹெல்மெட்டை மாற்றுவார்களா, தலையை மாற்றுவார்களா? வேர்டு ஃபைலில் வைரஸ் வரும் என்று எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம். 1999 மார்ச்சில் மெலிசா என்ற வைரஸ் வந்தபோது நான் டைப்பிங் சென்டரில் சம்பளத்துக்கு இருந்தேன். ஒரு வேர்டு ஃபைல், அதைத் திறந்தால் அவுட்லுக்கில் இருக்கும் முதல் 50 முகவரிக்குத் தானே மெயில் போட்டுக்கொள்ளும். 2022-ல்தான் இணையத்திலிருந்து இறங்கும் ஃபைல்களின் மேக்ரோவை (ஃபைலுக்குள் ஒளிந்திருந்து தானே ஓடக்கூடிய சின்ன நிரல்) மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்க ஆரம்பித்தது. அதே வருடம் மே மாதம் மேக்ரோவே இல்லாமல் வேர்டு ஃபைல் வழியாக உள்ளே நுழைய விடுகிற ஃபோலினா என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. இதெல்லாம் போகட்டும். என் கடைக்கு ஒரு நாளைக்கு எத்தனை பென்டிரைவ் வருகிறது தெரியுமா? ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிப்போன பென்டிரைவை என்னைவிட அதிகம் பார்த்தவர்கள் இந்த ஊரில் ஜெராக்ஸ் கடைக்காரர்கள்தான். அந்த பயத்தில்தான் வருடா வருடம் காசு கட்டுகிறேன். காசு கட்டுகிற ஆளுக்கு ஒரு வரி கேட்க உரிமை இல்லையா?

"எஸ்எஸ்டி போடுங்க." பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற வேகமான டிஸ்க். போடுகிறேன். இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறேன், நல்ல வித்தியாசம் தெரிகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே பழைய டிஸ்க்கில்தானே 4 நொடியில் திறந்தது?

"ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் போடுங்க." அதாவது அந்த ஃபோல்டரை மட்டும் ஆன்டிவைரஸ் பார்க்காமல் விட்டுவிட வேண்டுமாம். இதைச் சொன்னவர் என் கடையைப் பார்த்ததில்லை. வருகிற பென்டிரைவிலிருந்து ஃபைலை நான் காப்பி செய்வதே அந்த ஃபோல்டருக்குள்தான். முன்வாசலில் காவல் போட்டுவிட்டு கொல்லைக் கதவைத் திறந்து வைக்கச் சொல்கிறீர்கள்.

பிரிண்டரைப் பார்க்கச் சொன்னவர் சொன்னது சரி. வேர்டு திறக்கும்போது டீஃபால்ட் பிரிண்டரைக் கேட்டுக்கொள்ளும், அது அணைந்திருந்தால் இழுக்கும். போன வருடம் எனக்கே நடந்தது. இது அது இல்லை.

"விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் போதுமே, எதுக்குக் காசு?" என்பவர்களுக்கு: இருக்கலாம். வேறு ஒன்றைப் போட்டால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும் என்பதுகூட எனக்கு இப்போதுதான் தெரியும். கம்ப்யூட்டர் விற்றவர் போட்டுக்கொடுத்தார், நான் புதுப்பித்துக்கொண்டே வந்தேன். என் தப்பு. ஆனால் பேச்சை மாற்றாதீர்கள். எந்தக் காவல்காரராக இருந்தாலும் நான் கேட்பது அந்த ஒரு வரியைத்தான்.

"டைப்ரைட்டர் காலத்து ஆள்." ஆமாம். இன்ஸ்டிடியூட்டில் முதல் நாள் 'யளனகபக' அடித்ததிலிருந்து ஆரம்பித்து தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ் செய்தவள். உங்களுக்கு ஒன்று சொல்லவா? ரெமிங்டன் மெஷினில் வேகமாக அடித்தால் இரண்டு கம்பி மோதி நடுவில் சிக்கிக்கொள்ளும். சிக்கியது தெரியும். எந்த எழுத்தும் எந்த எழுத்தும் என்று கண்ணால் பார்க்கலாம். விரலால் பிரித்துவிட வேண்டியதுதான், கொஞ்சம் மை ஒட்டும். எங்கள் மாஸ்டர் பிரம்போடு நிற்பார், ஆனால் கம்பி சிக்கினால் அடிக்கமாட்டார். "மெஷின் மாட்டிக்கிச்சு, எடுத்துட்டு அடி" என்பார். என் தப்பு எது, மெஷின் தப்பு எது என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்தது.

பேங்கில் போய் நின்றால் "சர்வர் டவுன்" என்று ஒரு வார்த்தை சொல்கிறார்கள். கூட்டமே பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறது. 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எழுதிக்கொடுத்த பெண்ணைப் பார்த்து "உனக்குக் கம்ப்யூட்டர் வராதாம்மா" என்று யாரும் கேட்கவில்லை. அந்தச் சீட்டைப் படம் எடுத்து ரசித்துப் போட்டீர்கள், நானும்தான் லைக் போட்டேன். ஏர்போர்ட்டில் நின்றுபோனால் மென்பொருள் கோளாறு. கோர்ட் வாசலில் எட்டுக்குப் பத்து கடையில், நரைத்த தலையோடு ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிற இடத்தில் நின்றுபோனால், அவளுக்கு வரவில்லை. இதே கடையில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தால் வக்கீல் சார் "என்ன சார், சிஸ்டம் ஸ்லோவா?" என்றுதான் கேட்டிருப்பார். இதை எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு 10.30-க்கு கோர்ட். திரையில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்பதைப் பார்த்தார், முன்னால் என்னைப் பார்த்தார். வேறு யாரைச் சொல்வார்? அவருக்குக் காட்ட என்னிடம் ஒரு வரி இல்லை.

கம்பெனிக்கு மெயில் போட்டுவிட்டேன். "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று தானியங்கிப் பதில் உடனே வந்தது. அதில் மட்டும் வேகம்.

ஜூனியர் தம்பி சாயங்காலம் போன் செய்தார். திங்கட்கிழமை ஒரு ரிட்டன் ஸ்டேட்மென்ட் (எதிர்த்தரப்பு போடுகிற பதில் மனு) இருக்கிறதாம், 60 பக்கம், "அக்கா நீங்களே பண்ணிடுங்க" என்றார். சார் அனுப்பினாரா, தானாகச் செய்தாரா என்று கேட்கவில்லை. டிராஃப்ட் வந்துவிட்டது. அந்த ஃபைலைத் திறந்து, மினிமைஸ் பண்ணி வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். திங்கள் காலை வரை மூடப்போவதில்லை. கரண்ட் போகாமல் இருந்தால் சரி.